பழைய பாட்டரியும் ஏழையின் இரத்தமும்

ஆட்டோ ஓட்டும் தோழர் ஒருவர் விடியற்காலையில் வண்டியைக் கிளப்புகிறார். வண்டி கிளம்பவில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "பாட்டரி உட்கார்ந்துவிட்டது அண்ணே, மாற்றித்தான் ஆகவேண்டும்" என்கிறார். கடைக்குப் போனால் புதியதற்கு ஒரு விலை. பழையதைக் கொடுத்தால் அதிலே கொஞ்சம் கழிவு. அதே தெருக்கோடியில் காயலான் கடைக்காரர் தராசோடு உட்கார்ந்திருக்கிறார். கடையிலே கழிக்கும் தொகையைவிட ஐம்பதோ நூறோ கூடுதலாகத் தருகிறேன் என்கிறார். அதுவும் ரொக்கமாக, கையிலே. அன்றைய கூலியை இழந்து நிற்கும் அந்தத் தோழர் யாரிடம் கொடுப்பார்? கூடக் கொடுப்பவரிடம்தான் கொடுப்பார். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். அதைக் குற்றமென்று சொல்ல எவருக்கும் வாய் கிடையாது.

நாம் இன்று எழுத வந்தது அந்த ஐம்பது, நூறைப் பற்றித்தான். சட்டப்படி லைசென்ஸ் வாங்கி, வரி கட்டி, பெரிய ஆலை வைத்து நடத்துகிறவர் கொடுக்க முடியாத பணத்தை, ஒரு கோடரியும் ஒரு துருத்தியும் வைத்திருக்கிறவர் எப்படிக் கொடுக்கிறார்? அந்தப் பணம் எவருடைய பெட்டியிலிருந்து வருகிறது? பெட்டியிலிருந்து வரவில்லை, தோழர்களே. ஒரு தொழிலாளியின் இரத்தத்திலிருந்து வருகிறது; அவன் வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் மூளையிலிருந்து வருகிறது. இது மேடைப் பேச்சுக்காகச் சொல்லும் உவமை அல்ல. கணக்குப் போட்டுக் காட்டுகிறோம், பாருங்கள்.

முதலில் அந்தப் பெட்டிக்குள்ளே என்னதான் இருக்கிறது? 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு விஞ்ஞானி காஸ்டன் பிளாந்தே ஈயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் நிறுத்தி, மின்சாரத்தைச் சேர்த்து வைத்துத் திரும்ப எடுக்கலாம் என்று காட்டினார். நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை. 12 வோல்ட் பாட்டரி என்பது ஆறு அறைகள். ஒவ்வொரு அறையும் சுமார் 2 வோல்ட். அறைக்குள்ளே வரிசையாகத் தகடுகள். ஒரு வகைத் தகட்டில் ஈய ஆக்சைடு, மறு வகையில் பஞ்சு போன்ற ஈயம். நடுவே ஒன்றையொன்று தொடாமல் பிரிக்கும் ஏடுகள். சுற்றிலும் தண்ணீர் கலந்த கந்தக அமிலம். மின்சாரம் இறங்க இறங்க, இரு வகைத் தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன. திரும்பச் சார்ஜ் ஏற்றினால் பழைய நிலைக்கு வருகின்றன. வராமல் போகும் நாள்தான் மெக்கானிக் "சல்பேட் பிடித்துவிட்டது" என்று கையை விரிக்கும் நாள்.

எடை போட்டால் அந்தப் பெட்டியில் பாதிக்கும் மேலே ஈயம். வெளிக்கூடு பிளாஸ்டிக். அடியில் தேங்கிய சேறும் ஈயமே. திராவகம் வெறும் திராவகமல்ல, அதிலும் ஈயத்தூள் மிதக்கிறது. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பின் ஈயம் வேறு, இது வேறு. அது வெள்ளீயம், இது காரீயம். பெயரில் பாதி ஒன்றாக இருப்பதால், "ஈயப் பாத்திரத்தில் சாப்பிட்டவர்கள்தாமே நாம், நமக்கு என்ன ஆகிவிடும்?" என்று காரீயத்தை அலட்சியமாக நினைப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த நினைப்பு ஆளைக் கொல்லும்.

இந்தப் பெட்டி குப்பைத் தொட்டியில் கிடந்து பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். ஏனென்றால் அது குப்பையல்ல, காசு. உலகத்தில் எடுக்கப்படும் ஈயத்தில் சுமார் 85 சதவீதம் பாட்டரிக்குத்தான் போகிறது. பழைய பாட்டரியை உருக்கினால் அதே ஈயம் திரும்பக் கிடைக்கிறது; எத்தனை முறை உருக்கினாலும் குணம் கெடாது. ஆகவே பழைய பாட்டரி மறுபடி பயன்படாமல் போகிறதே என்பது நம் குறையல்ல. பயன்படத்தான் செய்கிறது. "ஆஹா, எவ்வளவு அருமையான மறுசுழற்சி!" என்று மாநாடுகளில் கனவான்கள் மெச்சுகிறார்கள். எவருடைய கையால் சுழல்கிறது, எவருடைய மூச்சால் சுழல்கிறது என்பதை மட்டும் மெச்சுகிறவர்கள் சொல்வதில்லை.

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று ஒழுங்கான ஆலை. அங்கே மூடிய இயந்திரத்துக்குள் பாட்டரி உடைகிறது. திராவகம் தொட்டியில் பிடிக்கப்பட்டு, சுண்ணாம்போ சோடாவோ சேர்த்து அதன் வீரியம் போக்கப்படுகிறது. பிளாஸ்டிக் கழுவப்பட்டு வேறு உலைக்குப் போகிறது. ஈயச் சேறு சூளையில் உருகும்போது எழும் புகை, பெரிய துணிப்பைகள் வழியாக இழுத்து வடிகட்டப்படுகிறது. மிஞ்சும் கசடைக் கண்ட இடத்தில் கொட்ட முடியாது. காப்பான குழியில், பணம் கட்டி, புதைக்க வேண்டும். தொழிலாளிக்கு முகக்கவசம், தனி வேலையுடை, குளியலறை, காலமுறைப்படி இரத்தப் பரிசோதனை. ஒழுங்கான ஆலை என்று பெயர்ப்பலகை மாட்டிய எல்லா இடத்திலும் இவையெல்லாம் நடக்கின்றன என்று நாம் நற்சான்று வழங்கவில்லை. நடக்க வேண்டிய முறை இது. இந்த ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு.

மற்ற வழிக்குச் செலவே இல்லை. ஊருக்கு வெளியே, அல்லது ஊருக்குள்ளேயே ஒரு கொல்லை. கோடரியால் மூடி பிளக்கப்படுகிறது. திராவகம் தரையிலோ சாக்கடையிலோ கவிழ்க்கப்படுகிறது. வெறுங்கையால் தகடுகள் பிடுங்கப்படுகின்றன. மண்ணில் தோண்டிய குழியிலே கரி போட்டு, ஊதி, தகடுகளைக் கொட்டுகிறார்கள். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். ஆனால் சேற்றிலிருந்து ஈயத்தைப் பிரிக்க அதைவிடப் பன்மடங்கு சூடு தேவை. அந்தச் சூட்டில் ஈயம் புகையாக எழுகிறது. கந்தகப் புகையும் கூட எழுகிறது. கண் எரிவது கந்தகத்தால், அது தெரிகிறது. ஈயம் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மாலையில் பாளம் பாளமாக ஈயம் தயார். லாரி வந்து நிற்கிறது.

துணிப்பை வடிகட்டி இல்லை, சுண்ணாம்பு இல்லை, கவசம் இல்லை, மருத்துவர் இல்லை, வரி இல்லை. இவற்றுக்கெல்லாம் ஆகவேண்டிய செலவு மிச்சமாகிறது அல்லவா? அந்த மிச்சத்தில் ஒரு சிறு துண்டைத்தான் ஐம்பது, நூறாக ஆட்டோ தோழரின் கையில் வைக்கிறார்கள். பெரும் துண்டு எங்கே போகிறது? கோடரி பிடித்தவனுக்கு அல்ல, அவன் நாட்கூலி. இடையே நிற்கும் வியாபாரிக்கும், மலிவு ஈயத்தை எங்கிருந்து வந்தது என்று கேளாமல் வாங்கிக்கொள்ளும் பெரிய கைகளுக்கும் போகிறது.

அந்த நாட்கூலித் தோழரின் உடம்புக்குள் என்ன நடக்கிறது? ஈயம் மூச்சோடு போகிறது; கழுவாத கையால் பிடித்த பீடியோடு போகிறது; சோற்றுக் கவளத்தோடு போகிறது. உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எடுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் சுமார் ஒரு மாதம் சுற்றுகிறது. பிறகு எலும்பில் போய்க் குடியேறுகிறது. எலும்பில் ஏறியது பல பத்தாண்டுகள் இறங்குவதில்லை. வேலையை விட்டுப் பல காலம் ஆன பிறகும் எலும்பிலிருந்து கசிந்துகொண்டே இருக்கும். இரத்தச் சோகை, தீராத வயிற்றுவலி, மலச்சிக்கல், மூட்டுக் குடைச்சல், இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கேடு. முற்றினால் மணிக்கட்டு தொங்கிப் போகும், கை தூக்க வராது. "சூடு உடம்பு", "வாய்வுக் கோளாறு" என்று சொல்லி நம் தோழர் கஷாயம் குடித்துக்கொண்டிருப்பார். சில இடங்களில் முதலாளி வாழைப்பழமும் வெல்லமும் கொடுத்து, நஞ்சு முறிந்துவிடும் என்று சொல்வதுண்டு. வெல்லத்தால் ஈயம் முறியாது. நல்ல உணவும் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உடம்பில் ஈயம் ஏறுவதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. கவசத்துக்கும் காற்றோட்டத்துக்கும் பதிலாக வெல்லக் கட்டியை நீட்டுகிறவர், செலவில்லாத தர்மம் செய்கிறார்.

தொழிலாளியோடு அது நிற்பதில்லை. அவர் சட்டையில், தலைமயிரில், செருப்பில் ஒட்டிய தூள் வீட்டுக்கு வருகிறது. அப்பா வந்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தைக்கு அந்தத் தூள் போகிறது. பெரியவர் உடம்பு ஏற்பதைப் போல் நான்கு, ஐந்து மடங்கு ஈயத்தைக் குழந்தையின் குடல் உறிஞ்சிக்கொள்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றுமே கிடையாது என்பதும் அதே நிறுவனத்தின் வாக்கு. கருவிலிருக்கும் பிள்ளைக்கும் தாயின் எலும்பிலிருந்து ஈயம் போகும். கெட்டது மூளை, திரும்ப வராது. இரத்தத்திலிருந்து ஈயத்தை இழுத்து வெளியேற்ற மருந்து உண்டு. போன அறிவைத் திருப்பித் தரும் மருந்து கிடையாது. பள்ளியில் "மந்த புத்தி" என்று முத்திரை குத்தப்பட்டு, எட்டாம் வகுப்போடு நின்று, அப்பன் போன கொல்லைக்கே வேலைக்குப் போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மந்தம் பிறவியில் வந்தது, எத்தனை பேருக்குப் புகையில் வந்தது? "தலையெழுத்து" என்று சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

இவையெல்லாம் பயமுறுத்தும் பேச்சு என்று நினைப்பவர்கள் ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டைப் பார்க்கட்டும். தலைநகர் டாக்கரை ஒட்டிக் கடற்கரையோரம் தியாரோய் என்றொரு ஊர். அங்கே 1995 முதல் பழைய பாட்டரி உடைப்பது ஒரு பிழைப்பு. உடைத்து உடைத்து மண்ணிலே ஈயம் ஊறிப்போயிற்று. 2007-இல் உலகச் சந்தையில் ஈய விலை விண்ணுக்கு ஏறியது. மண்ணிலுள்ள ஈயத்துக்கே விலை வந்துவிட்டது. ஏழைப் பெண்கள் அந்த மண்ணைத் தோண்டி, வீட்டு முற்றத்தில் வைத்துச் சலித்து, ஈயத்தைப் பொறுக்கி விற்றார்கள். முதுகிலே குழந்தை, கையிலே சல்லடை. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சுக்குள் அந்த ஒரு குடியிருப்பில் 18 குழந்தைகள் வலிப்பு வந்து இறந்தன. முதலில் காரணம் விளங்கவில்லை. பிறகு எஞ்சிய குழந்தைகளில் 50 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 100 மில்லி இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அந்தக் குழந்தைகளில் மிகக் குறைவாக இருந்த குழந்தைக்கே 39.8, மிக அதிகமாக இருந்ததற்கு 613.9. லண்டன் சந்தையில் விலைப்பலகையில் ஓர் எண் ஏறியது. தியாரோயில் 18 பிள்ளைகள் மடிந்தன. அந்த எண்ணை ஏற்றியவர்கள் தியாரோய் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்களா?

இன்னொரு கதை கென்யாவில். மொம்பாசா நகரத்தின் ஓரத்தில் ஓவினோ உகுரு என்ற உழைப்பாளர் குடிசைப் பகுதி. அங்கே 2007-இல் பாட்டரி ஈயம் உருக்கும் ஆலையொன்று வந்தது. கொல்லை உலையல்ல, அனுமதி பெற்ற ஆலை. கூரைத் தகடுகள் அரித்துப் போயின, கோழிகள் செத்தன, குழந்தைகள் நோயில் விழுந்தன. ஆலையிலே வேலைக்குச் சேர்ந்த ஃபிலிஸ் ஒமிடோ என்ற பெண்ணின் கைக்குழந்தை நோயுற்றது; தாய்ப்பாலின் வழியே ஈயம் ஏறியிருந்தது என்று கண்டார்கள். அந்தத் தாய் சும்மா இருக்கவில்லை. ஊரைத் திரட்டினார், ஊர்வலம் போனார், கைதானார், ஒளிந்து வாழ்ந்தார், விடவில்லை. 2014-இல் ஆலை மூடப்பட்டது. 2020 ஜூலையில் நீதிமன்றம் அந்த மக்களுக்கு 130 கோடி கென்ய ஷில்லிங் இழப்பீடு என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது தள்ளப்பட்டது. 2024 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கத் தீர்ப்பை மீண்டும் நிலைநாட்டியது. ஆலை நடந்தது ஏழு ஆண்டு. வழக்கு நடந்ததும் பல ஆண்டு. ஆனாலும் கேட்டவர்கள் வென்றார்கள்.

"ஏழை நாடுகளில் அப்படித்தான்" என்பார் சிலர். அமெரிக்கா ஏழை நாடா? லாஸ் ஏஞ்செல்ஸ் அருகே வெர்னன் என்ற இடத்தில் பல பத்தாண்டுகளாகப் பாட்டரி உருக்கிய பெரிய ஆலை, சுற்றிலும் ஆயிரக்கணக்கான வீட்டு முற்றங்களில் ஈயத்தைப் படியவிட்டது. 2015-இல் மூடினார்கள். 2020-இல் கம்பெனி திவாலாகி, நீதிமன்ற அனுமதியோடு அந்த இடத்தை அப்படியே கைகழுவிவிட்டுப் போயிற்று. முற்றத்து மண்ணை வாரி மாற்றும் செலவு மக்களின் வரிப்பணத்தின் தலையில். அந்த முற்றங்களில் குடியிருந்தவர்கள் யார்? பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேசும் உழைக்கும் மக்கள். ஹாலிவுட் நடிகர்களின் மாளிகைப் பக்கம் அந்தப் புகைபோக்கி எழவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். நம்மிடம் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2001-இலேயே பாட்டரி விதிகள் வந்தன. விற்கிற கடைக்காரர் பழையதைத் திரும்ப வாங்கவேண்டும், பதிவு பெற்ற ஆலைக்கே அனுப்பவேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்குக் காட்டவேண்டும் என்றார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 2022 ஆகஸ்டில் அதை நீக்கிப் புதிய விதிகள் கொண்டுவந்தார்கள். இப்போது பொறுப்பு உற்பத்தியாளர் தலையில்: விற்றதற்கு ஈடாக இவ்வளவு திரும்பச் சேகரித்து, பதிவு பெற்ற ஆலையில் மறுசுழற்சி செய்ததாகச் சான்றிதழ் காட்ட வேண்டும். பாட்டரியைப் புதைப்பதும் எரிப்பதும் கூடாது. பெட்டியின்மேல் குறுக்கே கோடிட்ட குப்பைத்தொட்டிப் படமும், ஈயத்துக்குரிய 'பிபி' என்ற இரண்டெழுத்துக் குறியும் இருக்க வேண்டும். கையில் கோடரியோடு நிற்கும் தோழருக்கு அந்த இரண்டெழுத்து என்ன சொல்லும் என்று விதி எழுதியவர்கள் யோசித்தார்களா? ஆங்கிலக் குறியைப் போட்டவர்கள், பக்கத்திலே "இது நஞ்சு, உடைக்காதே" என்று தமிழில் நாலு சொல் போட்டால் பெட்டி கனத்துவிடுமா?

உற்பத்தியாளரிடம் பொறுப்பை வைத்தது சரி; அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் சான்றிதழ் என்பது காகிதம். தெருமுனையில் கூடுதல் விலை இருக்கிற வரையில் பெட்டி தெருமுனைக்குத்தான் போகும். காகிதம் ஒரு பாதையில் போகும். ஈயம் வேறு பாதையில் போகும்.

தொழிலாளர் சட்டமோ இன்னும் விநோதம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே, மருத்துவர் கண்டால் உடனே அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் ஈய நஞ்சேற்றத்தை வைத்தது. பெரிய காரியம். ஆனால் மின்சாரம் கொண்டு இயங்கும் இடத்தில் 10 பேராவது இருந்தால்தான் அது தொழிற்சாலை. கொல்லை உலையில் நான்கு பேர், ஆறு பேர். 2025 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள புதிய தொகுப்புச் சட்டம் அந்த 10-ஐ 20 ஆக்கியிருக்கிறது. ஆறு பேர் வேலை செய்யும் இடம் சட்டத்தின் கண்ணுக்கு முன்னே எட்டவில்லை. இப்போது இன்னும் தூரம் போய்விட்டது. "அபாயத் தொழிலென்றால் ஒரே ஆள் இருந்தாலும் சட்டத்தை விரிவாக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு" என்று பதில் சொல்வார்கள். உண்டுதான். பழைய சட்டத்திலும் அந்த அதிகாரம் இருந்தது. அந்த அதிகாரத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதற்கா கொடுத்தார்கள்? ஈயம் உருக்குமிடம் எதுவாயினும், ஆள் எத்தனை பேராயினும், சட்டத்துக்குள் என்று ஒரு வரி அறிவிப்பு போட எத்தனை நாள் ஆகும்?

இங்கே நம் தோழர்கள் சிலரோடு நாம் மாறுபடுகிறோம். "போலீசைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கொல்லைகளை இடித்துத் தள்ள வேண்டும்" என்கிறார்கள். கோபம் நியாயம். ஆனால் இடித்தால் என்ன ஆகிறது? உலைக்கு வேண்டியது ஒரு குழியும் ஒரு ஊதியும்தானே! ஒரு ஊரில் இடித்தால் அடுத்த மாதம் வேறு ஊரில் புகைகிறது. பழைய ஊரின் மண்ணிலே ஈயம் கிடக்கிறது. புதிய ஊருக்கும் ஈயம் வருகிறது. பிடிபடுவது யார்? கோடரி பிடித்த நாட்கூலி. ஈயப் பாளத்தை வாங்கிய பெரிய மனிதர் நீதிமன்ற வாசலை மிதிப்பதில்லை. வேலை போன அந்தத் தோழருக்கு அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி சொல்லாமல், "உன் நன்மைக்குத்தான் மூடினோம்" என்று சொன்னால் அவர் எப்படி நம்புவார்? அவரும் நம் வர்க்கம்தான். அவரை எதிரியாக்கிவிட்டு இந்தக் காரியத்தில் வெல்ல முடியாது.

வெல்ல வேண்டிய இடம் அந்த ஐம்பது, நூறு. அதை வென்றால் உலை தானாக அணையும். அமெரிக்காவின் பல மாநிலங்களில், புதிய பாட்டரி வாங்கும்போது பழையதைக் கொண்டுவராதவரிடம் கடைக்காரர் ஒரு முன்பணம் பிடித்துக்கொள்கிறார். பழையதைக் கொடுத்தால்தான் அது திரும்பும். சோடா பாட்டிலுக்கு நம் பெட்டிக்கடையில் முன்பணம் வாங்கினோமே, அதே கணக்குதான். இங்கும் சட்டமாக்கி, தெருமுனை தரும் கூடுதலை விழுங்கும் அளவுக்கு அந்த முன்பணத்தை வைக்கவேண்டும். முன்பணத்தின் சுமை ஆட்டோ தோழரின் முதுகில் ஏறாமல் தவணையில் கட்ட வழி செய்ய வேண்டும். ஒழுங்கான ஆலை கட்டும் வரியையும், கட்டாத உலையையும் ஒரே சந்தையில் விட்டு வேடிக்கை பார்ப்பதை அரசு நிறுத்த வேண்டும். பழைய பாட்டரிமீதுள்ள வரியைக் குறைத்து, ரசீது உள்ள பாதை மலிவாகும்படி செய்யவேண்டும். காயலான் கடைத் தோழர்களை விரட்டக் கூடாது. தெருத்தெருவாய்ச் சேகரிக்க அவர்களைப்போல் எவராலும் முடியாது. அவர்கள் பாட்டரியை உடைக்காமல், கவிழ்க்காமல், முழுதாகச் சேர்த்துக் கொடுக்கட்டும். கூட்டுறவுச் சங்கம் அமைத்து அவர்களுக்குக் கமிஷன் கொடுக்கட்டும். உடைத்தவர்களுக்கு ஆலையில் கவசத்தோடு வேலை.

முடியாத காரியம் என்று சொல்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. ஒரு காலத்தில் பெட்ரோலிலேயே ஈயம் கலந்தார்கள். தெருவில் நடந்தவரெல்லாம் ஈயத்தை மூச்சாக இழுத்தோம். நிறுத்தினால் எஞ்சின் கெடும், தொழில் படுத்துவிடும் என்று கம்பெனிகள் அழுதன. 2000-ஆம் ஆண்டு நம் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. எந்த எஞ்சின் அழுதது? 2021-இல் அல்ஜீரியாவோடு உலகம் முழுதும் அந்த வியாபாரம் தீர்ந்தது. செய்ய வேண்டும் என்று முடிவு செய்தால் செய்ய முடியும்.

அப்படிச் செய்யாமல் விட்டதன் அளவு சிறிதல்ல. உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒன்று, சுமார் 80 கோடிப் பேர், இரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்குக் குறையாத ஈயத்தோடு இருப்பதாக 2020-இல் யூனிசெஃப் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. அதில் 27 கோடிக்கு மேல் இந்தியக் குழந்தைகள். ஈயம் வரும் வழிகள் பல உண்டு. பாட்டரியை ஒழுங்கின்றி உடைப்பது அவற்றில் தலையாய ஒன்று என்கிறது அந்த அறிக்கை. மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் ஏறியது. வடக்கே தெருவெல்லாம் மின்சார ரிக்‌ஷா. மின்சாரக் கார் வந்தால் ஈயம் போய்விடும் என்று எண்ண வேண்டாம். விளக்குக்கும் பூட்டுக்கும் அவற்றில் பெரும்பாலானவற்றினுள் ஒரு சிறு ஈய பாட்டரி இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே, கோரிக்கைகளில் முதலாவதாக நாம் வைப்பது இரத்தப் பரிசோதனை. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துச் சில நிமிடத்தில் ஈய அளவு சொல்லும் கையடக்கக் கருவி இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் அதை வைத்து, பாட்டரித் தொழிலாளிக்கும், உலை இருந்த ஊரின் குழந்தைகளுக்கும் இலவசமாகச் சோதிக்க வேண்டும். அளவு கூடினால் தொழிலாளியைச் சம்பளக் குறைவின்றி வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். "சோதித்தால் வேலை போய்விடும்" என்ற பயம் இருக்கும்வரை எந்தத் தோழரும் விரலை நீட்ட மாட்டார்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லாத சில காரியங்களும் உண்டு. வீட்டிலோ செட்டிலோ பழைய பாட்டரி கிடந்தால் நிமிர்த்தியே வையுங்கள். கவிழ்க்க வேண்டாம், திறக்க வேண்டாம், குழந்தை கை எட்டாத இடத்தில், மழை படாமல் வையுங்கள். எடை குறையட்டும் என்று திராவகத்தை ஊற்றிவிட்டுத் தூக்காதீர்கள். சார்ஜ் ஏறும் பாட்டரி அருகே பீடி பற்றவைக்க வேண்டாம். அதிலிருந்து வெளிப்படும் வாயு வெடிக்கும். திராவகம் மேலே பட்டால் சட்டையைக் கழற்றி, கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்; கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பாட்டரிக் கடையில் பழையதைக் கொடுக்கும்போது ரசீது கேளுங்கள். எந்த ஆலைக்குப் போகிறது என்றும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குக் கடைக்காரர் தானாகவே சொல்வார். ஈயத்தில் வேலை செய்யும் தோழர்கள், சாப்பாட்டுக்கும் பீடிக்கும் முன்னே கையையும் வாயையும் சோப்பால் கழுவுங்கள். வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் நுழையாதீர்கள். அதைத் தனியே துவையுங்கள். குளித்த பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் வட்டாரத்தில் ஈயம் உருக்குமிடம் எங்கே இருக்கிறது, முன்பு இருந்து மூடிய இடம் எங்கே, பக்கத்தில் பள்ளிக்கூடமோ கிணறோ உண்டா, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று விசாரித்து எழுதி அனுப்புங்கள். வேலை செய்வோரின் பெயர் வேண்டாம். இடமும் எண்ணிக்கையும் போதும். வந்து சேரும் பட்டியலை எடுத்துக்கொண்டு, சோதனைக் கருவி கேட்டு, மாவட்டம் மாவட்டமாக ஆட்சியரைப் பார்ப்போம்.